குவைத்திலிருந்து வந்த இரைச்சல்

ங்ங்ங்ங்…

ஹெட்போனைக் காதில் வைத்ததும் முதலில் கேட்பது அதுதான். போத்தலுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இரைச்சல்.

நுரைச்சோலைச் சந்தியில் என் கூடப்பிறந்த மூத்தவர், எங்கள் நானாவின் கொமினிகேஷன் கடை. மூன்று கொம்பியூட்டர், ஒரு ஃபோட்டோகொப்பி மெஷின், நான். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நானா என்னைக் கொண்டுபோய்க் கதிரையில் உட்கார வைத்திருந்தார். கொம்பியூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெண்கள் வருவார்கள், வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைமாருடன் நெட்டில் கதைக்க. ஃபஸ்மினா ராத்தாவும் வருவார், இடுப்பில் மூன்று வயது மகள் ஸீனத்தோடு. ஸீனத் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய வாப்பா குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையை நேரில் பார்த்ததே இல்லை. பெருநாளைக்குத்தான் முதல் லீவில் வரப்போகிறார்.

"தங்கச்சி, இந்தச் சத்தத்த எப்படியாவது நிப்பாட்டித் தாங்க. அவர் வர முந்தி புள்ளைக்கு அவர்ட கொரல் பழகணும். இல்லாட்டி யாரோ ஆம்புளண்டு பயந்து ஓடும். அத அவர் தாங்க மாட்டாரு."

சொல்லும்போதே ராத்தாவின் கண் கலங்கியது.

ஹெட்போனை மாற்றினேன்… அதே இரைச்சல். முன்பக்கத் துளையிலிருந்து கழற்றிப் பின்பக்கம் குத்தினேன். மைக்கை மியூட் செய்தேன். ஃபேனை நிறுத்திப் பார்த்தேன், வியர்த்து வழிந்ததுதான் மிச்சம். ஒரு நாள் கோபத்தில் கொம்பியூட்டர் பெட்டியைப் பிடித்து உலுக்கப் போனேன். விரல் சுரீரென்றது. அதே நேரம் இரைச்சல் பாதியாகக் குறைந்தது! கையை எடுத்தேன், திரும்ப வந்தது.

ஓடிப்போய் நானாவிடம் சொன்னேன். அவருக்குக் கொம்பியூட்டரைவிட வெங்காயத் தோட்டத்து மோட்டர்தான் பழக்கம்.

"எர்த் வேல செய்யல்ல புள்ள. கடைக்குப் பின்னால கம்பி அடிச்ச எடத்துல மணல் காஞ்சு கெடக்கும். தண்ணி ஊத்து."

கொம்பியூட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டேதான் ஊற்றினேன். முதல் வாளியை மணல் அப்படியே குடித்துவிட்டது. மூன்றாவது வாளிக்குப் பிறகு ஹெட்போனைக் காதில் வைத்தால்… ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா தானே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்து கம்பியடியில் ஊற்றினார். குவைத்துக்குக் கோல் கிடைத்ததும் ஹெட்போனைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டேன்.

ஸீனத்தின் உதடு பிதுங்கியது.

"வாப்பா இல்ல… வாப்பா போய்ட்டாரு…"

ஓவென்று அழுகை. ராத்தா வாங்கிக் கேட்டுவிட்டு, "இரிக்காரு மகள், ஒன்னோடதான் கதைக்கிறாரு" என்றார்.

"இது வாப்பா இல்ல. வாப்பா… ங்ங்ங்…" என்று பிள்ளை செய்து காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வெள்ளியும் கோல் கிடைக்க முன்பே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரிப்பாளே! பேச்சு விட்டு விட்டு வரும், அறுந்து போகும். அந்த இரைச்சல் மட்டும் ஒரு நாளும் அவளை விட்டுப் போனதில்லை. அதைத்தான் இத்தனை மாதமும் வாப்பா என்று நினைத்திருக்கிறாள். நான் மூன்று வாளி தண்ணீர் ஊற்றி அந்த வாப்பாவை இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

ராத்தா மைக்கில் விஷயத்தைச் சொன்னார். பிறகு ஹெட்போனைப் பிள்ளைக்கு வைத்தார். நானும் என் காதை அதோடு ஒட்டி வைத்தேன்.

ங்ங்ங்ங்…

குவைத்தில் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு முனகுகிறார். நடுவில் குரல் உடைகிறது. மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பத் தொடங்குகிறார்.

ஸீனத் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி அதுதான். முதலில் ங்ங்ங், அப்புறம் "மகள், சாப்பிட்டீங்களா?"

பெருநாளைக்கு முந்திய நாள் வேன் வந்தபோது நானும் அவர்கள் வீட்டில் நின்றேன். ஸீனத் ராத்தாவின் ஹபாயாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இறங்கி வந்த வாப்பா பிள்ளையைத் தூக்கப் போகவில்லை. பெட்டியை வைத்துவிட்டு வாசலிலேயே குந்தி உட்கார்ந்தார்.

ங்ங்ங்ங்…

பிள்ளை எட்டிப் பார்த்தாள். மெல்ல நடந்து வந்தாள். தன் காதைக் கொண்டுபோய் அவருடைய வாயோடு வைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் போய் நானும் கல்யாணம் முடித்துவிட்டேன், இப்போது என் மாப்பிள்ளை கத்தாரில். என் காதில் வயர் இல்லாத இயர்போன், வெளிச் சத்தத்தையெல்லாம் அதுவே அழித்துவிடும். பக்கத்து அறையில் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்கிறது. "சாப்பிட்டீங்களா?" "ம்ம்." "சரி, பொறகு எடுக்கிறேன்." அவ்வளவுதான். யாரும் வாளி தூக்க வேண்டியதில்லை.

ஸீனத் இப்போது கம்பஸில் படிக்கிறாள், வாப்பா ஊரோடு வந்துவிட்டார். போன கிழமை அவளிடம் இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல சாச்சி. ஆனா வாப்பா எனக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டா இப்பவும் மொதல்ல அந்த ங்ங்ங்தான். ஏன்னு நான் கேட்டதே இல்ல" என்று சொல்லி, வாப்பாவின் மெசேஜ் ஒன்றை எனக்கு அனுப்பியும் வைத்தாள்.

இயர்போனைக் கழற்றிவிட்டு, ஃபோனை நேராகக் காதில் வைத்துக் கேட்டேன். அவருக்கு வயதாகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறது.