அம்புட்டுப் பேருக்கும்

விஸ்வநத்தம் பக்கமிருந்து வந்த வெடிச்சத்தத்தில் சன்னல் அதிர்ந்தது. என் மகன் சாமு அங்கே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான்.

சிறுவயதில் இந்தச் சத்தம் கேட்டால் தெருவே கம்பெனிக்கு ஓடும். அம்மா மட்டும் அடுப்படியில் முழங்காலிடுவாள். குழம்பு அடிப்பிடித்து நாறினாலும் எழமாட்டாள்.

"அப்பா அங்கனதான இருக்காக, ஓடி வாம்மா!" என்று சேலையை இழுப்பேன்.

"ஓடுனா உங்கப்பாவ மட்டுந்தான்டி தேடுவேன். உள்ள இருக்க அம்புட்டுப் பேருக்கும் ஆண்டவர்ட்ட கேக்கணும்ல."

ஒரு தீபாவளி சீசனில் அப்பாவும் கருகிப் போனார். அடுத்த முறை சத்தம் கேட்டபோது உள்ளே எங்களுக்கென்று யாருமில்லை. அம்மா அன்றும் முழங்காலிட்டாள், முன்னைவிட நெடுநேரம்.

இன்று நானும் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அம்புட்டுப் பேரையும்..." என்று தொடங்கினேன். முடிக்குமுன்பே எழுந்துவிட்டேன். சாமு பேரை மட்டும் கத்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கம்பெனிக்கு ஓடினேன்.