அண்ணாச்சிக்காக நான் அழுத்திய பொத்தான்

தேர்தல் நாளில் எங்கள் ஷட்டில் கோர்ட் திறக்காது. காலையில் ஆட வருகிறவர்களில் பாதிப் பேர் பூத் வேலைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் லீவு கிடைத்ததென்று தூங்குவார்கள். என் பாத்திரக் கடைக்கும் அன்று விடுமுறைதான். நானும் தூங்கியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை, தூக்கத்திலும்கூட. பிரசார ஆட்டோக்கள் ஓய்ந்த பிறகும் அதில் போட்ட பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து படுக்கலாம் என்று கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கு முன்னால் அண்ணாச்சி நின்றார்.

போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. டபுள்ஸ் ஆட்டத்தில் பல வருசமாக நானும் அவரும் ஒரே பக்கம். தேர்தலில் மட்டும் ஒருநாளும் ஒரே பக்கம் நின்றதில்லை. அதைப் பற்றிக் கோர்ட்டில் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஒரு ஒப்பந்தம் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் பின்னாலிருந்து ஓங்கி அடித்த ஷட்டில் காக் ஒன்று கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. எங்களுக்குப் பாயிண்ட் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். நான், “வெளிய” என்றேன்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாய், நீரு எந்தப் பக்கம் ஆடுதீரு?”

“விழுந்தது வெளிய அண்ணாச்சி.”

“உம்மகூட ஆடுததுக்குச் செவுத்துகூட ஆடலாம் வே” என்று மட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. தேர்தல் சமயம் என்பதால் இது கட்சிச் சண்டை என்று மற்றவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

வரிசை நகர்ந்தது. அவர் திரும்பவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு பூத். வாசலுக்குக் கிட்டே வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

“இது நம்ம பூத்தா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“ஆமா. போர்டு போட்டிருக்குலா” என்றேன்.

“எங்கன?”

போர்டு அவர் முகத்துக்கு நேரே, கதவில், பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாயா அது?” என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். இவ்வளவு நேரம் பின்னால் நிற்பது நான் என்றே அவருக்குத் தெரியவில்லை.

“நாந்தான் அண்ணாச்சி.”

தணிந்த குரலில் சொன்னார். “இடது கண்ணு சுத்தமா போச்சு வே. வலதுலயும் புகை மூட்டமா இருக்கு. சீனி வியாதி.”

“எத்தன நாளா?”

“ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்.”

“பெறகு எப்படி ஆடுனீங்க?”

“அடிக்க சத்தம் கேக்கும்லா. அத வச்சு நகருவேன். கிட்ட வந்தா நெழல் மாதிரி தெரியும், வீசுவேன். கோர்ட்டுக் கூரைத் தகரத்துல மழை விழுந்தா மட்டும் ஒண்ணும் கேக்காது.”

சாரல் காலத்தில் மூட்டு வலி என்று சொல்லி அவர் வராமல் இருந்ததை நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம். அன்றைக்கு அந்தக் காக் எங்கே விழுந்தது என்று அவர் பார்த்திருக்கவே முடியாது.

“உள்ள வந்து எனக்கு அமுக்கிக் குடுப்பீரா?” என்றார்.

“வீட்டுல மதினிய கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“அவகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டா.”

“அண்ணாச்சி, நான் எந்தக் கட்சின்னு உங்களுக்குத் தெரியும். மாத்தி அமுக்கிட்டா?”

“சொந்த ஆளு அடிச்சதயே வெளியன்னு சொன்ன ஆளுதான வே நீரு?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போனால், பார்வை இல்லாதவர் துணைக்கு ஆள் கூட்டிவரலாம் என்று அதிகாரியம்மா சட்டென்று ஒத்துக்கொண்டார். வெளியூர் டீச்சர் போல. முந்தின நாளிலிருந்து அங்கேயே கிடக்கும் அசதி முகத்தில் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டு ஒருவர்தான் எழுந்தார். “மேடம், இவரு தெனமும் ஷட்டில் ஆடுன ஆளு. கண்ணு தெரியாதுன்னா எப்படி?”

அறை முழுக்க எங்களைப் பார்த்தது. ஒரு வருசமாக வீட்டிலும் வெளியிலும் மறைத்துவைத்ததை அண்ணாச்சி அங்கே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தலையைக் குனியவில்லை. ஸ்டேஷனில் பேசுகிற அதே கனத்த குரலில், “தெரியாமத்தான் ஆடுனேன். அதாம் தோத்துக்கிட்டே இருந்தேன்” என்றார். ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டார்.

எதற்குப் போட்டார் என்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். துணையாக வந்ததற்கு வலது கை விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குள் அவர் என் காதருகே குனிந்து சின்னத்தைச் சொன்னார். எந்தச் சின்னம் என்று இங்கேயும் எழுத மாட்டேன். அழுத்தினேன். பீப் என்றது. கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு வந்து நின்று விழுந்தது.

“வந்திச்சா?”

“வந்திச்சு.”

“சரி” என்றார்.

பிறகு என் ஓட்டையும் போட்டேன். அதில் எனக்கு ஒரு உணர்ச்சியும் இல்லை. அவருடையதை அழுத்தும்போது மட்டும் சின்னத்தை இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவருக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஏஜெண்டு வழியாக விஷயம் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்திருந்தது. “குத்தாலம் வரைக்கும் விடும் வே” என்றார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். சித்திரை வெயிலில் அங்கே என்ன இருக்கும்? அருவி இருக்கிற இடத்தில் பாறைதான் இருந்தது, நடுவில் ஈரக்கோடு மாதிரி கொஞ்சம் தண்ணீர். கடைகளில் பெரும்பாலும் சாக்கு தொங்கியது. குரங்குகளுக்கே சலிப்புத் தட்டியிருந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம்.

அந்நேரம் துபாயிலிருந்து மகன் கூப்பிட்டான். “வாப்பா, லீவுதானே. வாங்க, ஒரு மேட்ச்.” போனில் ஆடுகிற ஃபுட்பால் கேம். அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆடுவோம். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவான். இதை ஆடும்போதுதான் அரை மணி நேரம் லைனில் இருப்பான். அதற்காகவே ஆடுகிறேன்.

அண்ணாச்சி தலையைச் சாய்த்து, போனில் கூட்டம் இரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “யாரு ஜெயிக்கா?”

“நாந்தான். பய விட்டுக்குடுக்கான்.”

“எப்படித் தெரியும்?”

“பந்து காலுக்குக் கிட்ட வந்ததும் அவன் ஆளு நிண்ணுபோவான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “எனக்கும் நீங்கள்லாம் விட்டுக்குடுத்திருக்கலாம்லா வே” என்றார். பிறகு அவராகவே, “குடுத்திருந்தா உம்ம முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்” என்றார்.

மத்தியானம் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மதினி வாசலிலேயே நின்றார். திட்டவில்லை, அழவுமில்லை. அண்ணாச்சி கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு என்னிடம், “பாய், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

திருநெல்வேலியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. ஷட்டிலை விட்டுவிட்டார். எனக்கு இப்போது ஜோடி ஒரு பேங்க் ஆள். ஒவ்வொரு அடிக்கும் சாரி சொல்கிறார். கேட்டே களைத்துப்போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் போனால் அதிகம்.

அண்ணாச்சி எஸ்.ஐ. ஆவதற்கு முன்னால் போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்தவராம். இத்தனை வருசத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் பரணிலிருந்து இறக்கிச் சாயங்காலம் ஊதிப் பார்க்கிறார். மூச்சு போதவில்லை. கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார் மதினி. கடையை மகள் கையில் விட்டுவிட்டுச் சில நாள் நான் போய்க் கேட்கிறேன். மூன்றாவது பாட்டுக்குள் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன். அவர் எழுப்புவதில்லை.