பனிக்குள் கூப்பிட்ட பெயர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து விரிவுரையாளரின் குரல் மட்டும் வந்தது: "முதல் நாளே பிள்ளைகளிடம் 'நீ யார்' என்று கேளுங்கள்." இந்தக் கேள்வி இதே போல், கேட்பவர் முகம் தெரியாமல், சின்ன வயதில் ஒருமுறை என்னிடம் வந்திருக்கிறது. எப்படிக் கேட்கக் கூடாது என்பதும் அந்த நொடியில்தான் பிடிபட்டது.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஆசிரியர்கள் யாரும் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புது டீச்சர் வந்தபோது, "இவங்களாவது தங்கணும், இல்லாட்டி புள்ளைங்க படிப்பு அவ்வளவுதான்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் அவரை மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் கொழுந்தெடுக்கப் போகும் என் சித்தி சொல்லித் தந்த சட்டம் ஒன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். "பனிக்குள்ள மொகந்தெரியாம யாராச்சும் பேரச் சொன்னா, மூணாவது வாட்டி கூப்பிடுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. பேயி ரெண்டாங் கிளாசோட நின்னுருச்சு. மூணு எண்ணத் தெரியாது."

அன்று டீச்சர் கரும்பலகையில் 'மலையகத் தமிழர்' என்று பெரிதாக எழுதினார். "நான் பேரைக் கூப்பிட, எழும்பி நிண்டு நீங்கள் ஆர் எண்டு சொல்லுங்கோ. வெக்கப்படக் கூடாது. நெஞ்சை நிமித்திச் சொல்ல வேணும்."

அப்போதுதான் பனி வந்தது. கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக நுழைந்து, முதலில் கரும்பலகையை, பிறகு டீச்சரை, பிறகு முன்வரிசைத் தலைகளை எடுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த கூட்டாளியின் முழங்கை மட்டும் என் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளைக்குள்ளிருந்து முதல் பெயர் வந்தது. பதில் இல்லை. இரண்டாவது பெயர். அதற்கும் இல்லை.

"அது டீச்சர் இல்லடி," என்றாள் கூட்டாளி, காதுக்குள்.

"கொரலு அவங்களுதுதான்."

"கொரல அது மாத்திக்கும். 'எண்டு'ங்குது பாரு. நம்மாளுங்க அப்படியா பேசுவாங்க?"

காலையிலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார் டீச்சர். இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு அது சரியாகவே பட்டது.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாங்கள் உட்கார்ந்திருந்த பலகை ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. பிறகு என் பெயர். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மீண்டும் என் பெயர், இந்த முறை கொஞ்சம் கெஞ்சலாக. மூன்றாவது அழைப்புக்காக வாயைத் திறந்து தயாராக இருந்தேன்.

அது வரவில்லை.

"பிள்ளையள்... இருக்கிறியளா?" என்றது குரல். பெயரில்லாத அந்தக் கேள்விக்கு எங்கள் சட்டத்தில் இடமே இல்லை.

பனி விலகியபோது டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். எங்களைத் தலை தலையாகப் பார்த்தார். எல்லோரும் அவரவர் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்திராத ஒரு பயம் இருந்தது. ஈரத்தில் ஊறியிருந்த எழுத்துகளைக் கையாலேயே அழித்தார். "சரி. விருப்பமில்லையெண்டா விடுங்கோ," என்றார்.

பள்ளித் தவணை முடிந்து ஊருக்குப் போன டீச்சர் திரும்பவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். "இவங்களும் போயிட்டாங்களா" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். நானோ, பேயிடமிருந்து வகுப்பே தப்பித்த கதையை லயமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் முகமில்லாமல் இருந்தது நாங்கள்தான் என்பது அந்த வயதில் எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக எனக்கு முதல் வகுப்பு. 'நீ யார்' என்று யாரையும் கேட்கப் போவதில்லை. பலகையில் அவர்களோடு உட்கார்ந்து, முதலில் என்னைக் கேட்கும்படி அவர்களிடம் சொல்வேன்: யாரு, எந்தத் தோட்டம், ஏன் இப்படிப் பேசுறீங்க, எவ்வளவு நாளைக்கு இருப்பீங்க. கடைசிக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.