சிவப்பு நூல் கட்டிய பிர்ச்

மார்ச் மாதத்தில், முட்டியளவு பனி கிடக்கும்போதே அதன்மேல் விதை தூவுகிற ஆள் என் பக்கத்து வீட்டு இர்யா. வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரத்தின் விதை தவிடு மாதிரி இருக்கும். மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது. பனி உருகி அதுவே மெல்ல மண்ணில் இறக்கிவிட வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கஞ்சி கிண்டியவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ, எனக்கெல்லாம் வராது.

அவை சும்மா விதைகள் இல்லை. மகன் துவோமோ பிறந்த வாரம், அவள் கணவர் கவுகோ பழைய வீட்டு வாசலில் ஒரு பிர்ச் நட்டார். கவுகோ இறந்தபின் வீட்டை விற்றுவிட்டு இர்யா எங்கள் பக்கம் குடிவந்தாள். வாங்கியவன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தை வெட்டிப் போட்டான், பாவி. விற்பதற்கு முன் அவள் பொறுக்கி வைத்திருந்த ஒரு பிடி விதைதான் மிச்சம். முளைத்ததில் பாதி வெயிலில் காய்ந்தது, மீதியை நத்தையும் முயலும் தின்றன. தப்பியது ஒன்றே ஒன்று.

காற்று தாக்காமலிருக்க, தோட்டத்தில் இருக்கும் சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குப் பின்னால் தானாக வளர்ந்திருந்த பிர்ச் கன்றுகளுக்கு நடுவில் அதை நட்டு, அடையாளத்துக்கு அடியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். அது ஆளுயரம் வளர்ந்தும் மகனிடம் மூச்சு விடவில்லை. "நல்லா பிழைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பாள். நெஞ்சில் இருப்பதைச் சொல்லாமலே செத்துப்போவது எங்கள் ஊர் வியாதி.

இந்த நடுக்கோடைத் திருநாளுக்கு, பல வருஷம் கழித்து ஸ்வீடனிலிருந்து துவோமோ வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் திரும்ப வேண்டும். திருநாள் காலையில் நானும் இர்யாவும் கவுகோவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுக் காரில் திரும்பினோம். வாசற்கதவின் இரண்டு பக்கமும், வாளித் தண்ணீரில், புதிதாக வெட்டிய இரண்டு பிர்ச் கன்றுகள். அன்றைக்கு எல்லா வீட்டு வாசலிலும் நிற்பதுதான். ஆனால் இர்யா காரைவிட்டு இறங்கவில்லை.

"எங்கேர்ந்து வெட்டினான்?"

"ஏரிக்கரையில இருக்கும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

துவோமோ கோடாரியோடு சிரித்துக்கொண்டே வந்தான். "அப்பா வெப்பாரே, அதே மாதிரி இருக்காம்மா? காட்டுல அலைவானேன்னு சவுனா பின்னாடியே வெட்டிட்டேன். அங்கதான் நேரா ரெண்டு இருந்துச்சு."

இர்யா இறங்கிப் போய் வலது பக்கக் கன்றின் அடியைத் தடவினாள். ஒன்றுமில்லை. இடது பக்கக் கன்றை அவள் தொடவில்லை. நான்தான் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் சிவப்பு நூல்.

"அந்த நூலா? எதுக்கும்மா கட்டின?"

இர்யா குனிந்து வாளியை நேராக்கினாள். இதையும் விழுங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"வாயத் தொறந்து சொல்லேன், இர்யா."

"அது உன் மரம்டா" என்றாள். "பழைய வீட்டு மரத்தோட விதை. உங்கப்பா நட்டாரே, அது. இது ஒண்ணுதான் தப்பிச்சு வந்துச்சு."

அவன் கோடாரியைக் கீழே வைத்தான். "விதை இன்னும் இருக்கா?"

"இல்ல."

"வெட்டின கட்டையிலேர்ந்து துளிர்க்குமாம்மா?"

"துளிர்க்கலாம். முயல் விட்டா."

அன்றே அவன் சவுனாவுக்குப் பின்னால் போய்க் கட்டையைச் சுற்றிக் கம்பிவலை அடித்தான். அவள் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். இரவு ஊரெல்லாம் திருநாள் தீ மூட்டிப் பாடியது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் அவனில்லாமல் போனது. மறுநாள் காலை என் ஜன்னலிலிருந்து பார்த்தால், கம்பிவலைக்குப் பக்கத்தில் குந்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். இர்யா பின்னால் வந்து நின்றாள்.

"போதும்டா, அழுகிடும். காபி ஆறுது."

"துளிர் வந்ததும் கிளம்பறேம்மா."

இர்யா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஜன்னல்வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அப்ப அது மெதுவாவே வரட்டும்."