செல்ஃப் அடித்தால் நாலு விநாடி

எங்கள் அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டில் கடிகார ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். போனில் யாராவது, "மேடம், என் காருக்கு ஒரு கடிகாரம்..." என்று இழுத்தால் போதும். வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "ஓட்டை அம்பத்திரெண்டா, அம்பத்தேழா? பின்னாடி எவ்வளவு இடம் இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார். அளக்காமல் போன் செய்தவர்களுக்கு அங்கேயே அர்ச்சனை நடக்கும்.

வீட்டில் வாசல் பக்கத்து அறைதான் அவருடைய பட்டறை. டாக்ஸி மீட்டர் ரிப்பேர் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஒருநாள் யாரோ ஓடாத கார்க் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதற்குள் தலையை விட்டவர்தான், இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஜன்னலோரம் மேசை. மேசைக்குக் கீழே ஸ்டூலில் ஒரு கார் பேட்டரி. சுவரெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒன்றில் முட்கள், ஒன்றில் கண்ணாடிகள், ஒன்றில் வளையங்கள். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவன் தன் சாவிக்கொத்தைத் தேடி எந்த இழுப்பறையைத் திறந்தாலும் ஒரு டயல் அவனை முறைத்துப் பார்க்கும். "என் மூஞ்சியவிட இதுங்களத்தான் இவ அதிகமா பாத்திருக்கா" என்பான்.

நானோ கார் சீட் தைக்கிறவன். கடையில் கிடந்த ஒரு பச்சை நிற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை, ஏறக்குறைய இரும்புக் குப்பையாக இருந்ததை, ஆறு வருஷம் நோண்டி ஓடவைத்தேன். எல்லாம் வந்தது, கடிகாரம் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் ஓட்டையும் ரெண்டு ஒயரும்தான் இருந்தன. அதே கம்பெனியின் பெரிய குடும்பக் காருக்கான கடிகாரம் ஒன்று கிடைத்ததும் துள்ளிக்கொண்டு ஓடினேன். ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணி ஒரே பார்வைதான் பார்த்தார்.

"பொருத்தலாம் தம்பி. பொருந்தாது."

"உக்காந்துடுச்சே அண்ணி?"

"உக்காந்தா ஆச்சா? பக்கத்துல இருக்கிற மீட்டரெல்லாம் வெள்ளை எழுத்து, இது மஞ்சள். அதுங்க முள்ளு ஒல்லி, இது கரண்டி மாதிரி. உள்ள இருக்கிற மெஷின் வேற செத்துப்போயிருக்கு."

கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, டயலுக்குக் கையால் எழுத்து எழுதி, முள்ளை மாற்றி, உள்ளே புது குவார்ட்ஸ் மெஷின் வைத்துக் கொடுத்தார். கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் ஏமாந்துபோவான். இப்படித்தான் ஊரில் நாற்பது ஐம்பது கார்களில் அண்ணியின் கடிகாரம் ஓடியது.

வினை அங்கேதான் முளைத்தது. பழைய கார் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர், கடிகாரம் பின்தங்குகிறது என்று கொண்டுவந்தார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் மேசை பேட்டரியில் மாட்டி ஒன்பது நாள் ஓடவிட்டார். ஒரு விநாடி பிசகவில்லை. அவ்வளவுதான், வாயைத் திறந்துவிட்டார். "கடிகாரத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் மணி வைக்கத் தெரியல." அவர்கள் நேராகச் சங்கச் செயலாளரிடம் போனார்கள். செயலாளர் கடிதமே அடித்துவிட்டார். "இவர் மாற்றித் தரும் கடிகாரங்கள் நம் கார்களுக்குப் பொருந்தாதவை. உறுப்பினர்கள் தவிர்க்கவும்." நூற்று நாற்பது பேருக்கும் அது போனால் அண்ணியின் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதான்.

நான் கொதித்துப்போய்ச் செயலாளர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் நிதானமான மனிதர். "ஞாயித்துக்கிழமை நேர ஓட்டம் இருக்கில்ல? உங்க கார்லயும் அந்தம்மா கடிகாரம்தானே? சரியா ஓடிச்சுன்னா கடிதத்தைக் கிழிச்சிடறேன். இல்லன்னா திங்கக்கிழமை தபால்ல போயிடும்" என்றார்.

நேர ஓட்டம் என்பது வேகப் போட்டி இல்லை. குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டும். ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் ஒரு புள்ளி போச்சு. போனையும் கைக்கடிகாரத்தையும் உறையில் போட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். காரின் டேஷ்போர்டு கடிகாரம் ஒன்றுதான் துணை. ஒவ்வொரு சாவடியிலும் இன்ஜினை நிறுத்தி, கையெழுத்து வாங்கி, மறுபடி கிளம்பவேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நேரம் சொல்ல யாரைக் கூப்பிடுவது? அண்ணியேதான் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். இத்தனை வருஷத்தில் தன் கடிகாரம் ஓடும் காரில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை என்று ஏறிய பிறகுதான் சொன்னார்.

கிளம்பும் இடத்தில் எல்லோரும் சங்கத்துப் பெரிய கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்தோம். கொடி அசைந்தது. செல்ஃபை அழுத்தினேன், இன்ஜின் உறுமியது, பறந்தோம். காற்று காதை அறைந்தது. "மெதுவா... மெதுவா... இப்ப மிதி!" என்று அண்ணி கத்த, முதல் சாவடிக் கோட்டை அவர் "சரி!" என்ற அதே நொடியில் தாண்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவடிக்காரர் பலகையைத் தூக்கிக் காட்டினார். நாலு விநாடி தாமதம்.

"நீ பிரேக்கை முன்னாடியே போட்டுட்ட" என்றார் அண்ணி.

"நீங்க சொன்னப்பதான் தாண்டினேன்!"

கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த சாவடிக்குக் கிளம்பினோம். முதல் துண்டு பன்னிரண்டு கிலோமீட்டர், இது முப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். கோட்டில் முன்சக்கரம் பட்டதும் அண்ணியின் "சரி!" வந்தது. பலகையில் எட்டு.

அந்த மூன்று பேர் சொன்னது சரிதான், கடிதம் போய்விடும், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அண்ணி மட்டும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கடிகாரமே மெதுவா ஓடினா தூரம் அதிகமாக அதிகமாகத் தப்பும் அதிகமாகணும் இல்ல? பன்னெண்டு கிலோமீட்டருக்கு நாலு, முப்பதுக்கும் கூட ஒரு நாலுதான் ஏறியிருக்கு. அப்ப ஓடும்போது நல்லாத்தான் ஓடுது. நடுவுல நாம என்ன பண்ணோம்?"

"என்ன பண்ணோம்? நிறுத்தினோம், கையெழுத்து வாங்கினோம், செல்ஃப் அடிச்சோம்."

"அடி! இப்ப அடி!" முகத்தை டயலுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனார்.

அடித்தேன். செல்ஃப் மோட்டார் இழுத்தது, இன்ஜின் பிடித்தது.

"நிக்குது! நிக்குதுடா! விநாடி முள்ளு நிக்குது! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... கிளம்பிடுச்சு!"

கல்யாண வயசில் பையன் இருக்கும் அம்மா, சீட்டில் குதித்தார். நான் தைத்த சீட்டு, தாங்கியது. விஷயம் எனக்கும் புரிந்துவிட்டது. செல்ஃப் மோட்டார் பேட்டரியை மொத்தமாக உறிஞ்சும்போது கடிகாரத்துக்குக் கரண்ட் போதாமல் மயங்கி விழுகிறது, நாலு விநாடி கழித்துத் தெளிகிறது. மேசைக்குக் கீழே இருக்கிற பேட்டரி எந்த இன்ஜினைக் கிளப்பியது? அங்கே ஒன்பது நாள் இல்லை, ஒன்பது வருஷம் வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் செய்யவே முடியாத தப்பு.

"மூணு தடவை அடிச்சாச்சு, பன்னெண்டு. கடிகாரத்துல நம்ம நேரத்துக்குப் பன்னெண்டு விநாடி முன்னாடியே நீ கோட்டைத் தாண்டணும். மிதி!"

மிதித்தேன். மூன்றாவது சாவடியின் பலகையில் பெரிய வட்டம். பூஜ்யம்! நான் போட்ட கூச்சலில் சாவடிக்காரர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

கடைசித் துண்டில் விதி விளையாடியது. நாற்சந்தியில் ஒரு லாரி சட்டென்று நிற்க, பிரேக்கை மிதித்த வேகத்தில் இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. முதல் தடவை அடித்தேன், பிடிக்கவில்லை. இரண்டாவது தடவைதான் பிடித்தது. சாவடியில் அடித்ததோடு சேர்த்தால் பதினாறா, இருபதா, இருபத்துநாலா? எனக்கு மூளை நின்றுவிட்டது. அண்ணி டயலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் தடவை தெளியறதுக்குள்ள ரெண்டாவது தடவை அடிச்சிட்ட. ஆறுதான் நின்னுச்சு. மொத்தம் இருபத்திரெண்டு. ஓட்டு!"

"நிச்சயமாவா அண்ணி?"

"விநாடி எண்ணுறதுதான்டா என் பொழப்பு! ஓட்டு!"

முடிவுக் கோட்டில் செயலாளரே பலகையோடு நின்றார். தாண்டினோம். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பலகையைத் திருப்பினார். பூஜ்யம். நான் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

செயலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "கடைசி ரெண்டுலயும் சுத்தமா பூஜ்யம்! முதல்ல தம்பிக்குக் கொஞ்சம் பதட்டம்போல. உங்க கடிகாரம் தங்கமா ஓடுதும்மா. அந்த மூணு பேருக்குத்தான் மணி வைக்கத் தெரியல, நானும் அவங்க பேச்சைக் கேட்டு..." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கிழிக்கப்போனார்.

"கிழிங்க சார், நல்லா நாலாக் கிழிங்க!" என்றேன்.

"கிழிக்காதீங்க" என்றார் அண்ணி.

அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினேன். உதறிவிட்டார். "கடிகாரம் சரியில்ல சார். செல்ஃப் அடிச்சா நின்னுபோகுது. நாங்க கணக்குப் போட்டுத்தான் வந்து சேர்ந்தோம். அந்த மூணு பேரு சொன்னதுதான் நிஜம். நான்தான் கார்ல உக்காந்து பாக்காமலே அவங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஒரு கண்டன்சர் போட்டா சரியாயிடும். கரண்ட்டைச் சேத்து வச்சு இந்த நாலு விநாடியை அது தாங்கிக்கும். ஆனா எல்லாத்துக்கும் போடணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? செயலாளர் கடிதத்தை வைத்துக்கொண்டு விழித்தார். அண்ணி அதை அவர் கையிலிருந்து வாங்கி, என் காரின் பானெட்டில் வைத்து, பேனா கேட்டார். 'பொருந்தாதவை' என்ற வரியை அப்படியே விட்டார். 'தவிர்க்கவும்' என்பதை மட்டும் அடித்துவிட்டு எழுதினார்: "தப்பு என்னுடையது. கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன்." கீழே கையெழுத்துப் போட்டார்.

"நூத்தி நாப்பது பேருக்கும் அனுப்புங்க சார். அந்த மூணு பேருக்கு மட்டும் வேணாம்."

"ஏம்மா, அவங்களுக்குத்தானே முதல்ல..."

"அவங்க வீட்டுக்கு நானே போறேன்" என்றவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "தம்பி, வண்டியை எடு."