பிரதோஷத்தன்று கோழிக்குக் கல் வாங்கப் போனது

முட்டை ஓடு மெலிந்துபோனதால்தான் நான் திருவண்ணாமலை போனேன். சாமி கும்பிட என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. 2004, தை மாதம், பிரதோஷ நாள். காட்பாடி பக்கத்தில் எங்களுக்கு முந்நூறு முட்டைக்கோழிகள். ஒரு மாதமாக அட்டைக்கு ஐந்தாறு முட்டை எடுக்கும்போதே உடைந்தது. எங்களிடம் முட்டை வாங்கும் ஓட்டல்காரர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறையும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. உடைந்ததையெல்லாம் நானும் கணவரும் ஆம்லெட்டாகவே தின்று தீர்த்தோம். ஆம்லெட் என்றாலே எனக்கு இன்றும் குமட்டும்.

கால்நடை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "சுண்ணாம்புக்கல் குருணை போடுங்கம்மா. டோலமைட் மட்டும் வாங்கிடாதீங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா மெக்னீசியம் ஜாஸ்தி. கோழிக்குக் கழியும், ஓடும் தேறாது. ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்க. சுண்ணாம்புக்கல்லுன்னா புஸ்ஸுனு பொங்கும்." உள்ளூர்த் தீவனக் கடையில் தூள்தான் இருந்தது. குருணைக்குத் திருவண்ணாமலை அரவை மில்லுக்குப் போகச் சொன்னார்கள். ஒரே பஸ் காசில் மலையையும் சுற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வேலூரில் பஸ். எண்பத்திரண்டு கிலோமீட்டர், இருபத்து நான்கு ரூபாய், எட்டு மணிக்கு இறங்கினேன். மில் கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். பஸ் நிலையத்தில் ஒரு ஆட்டோவை நோக்கிப் போனேன். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த ஓட்டுநர் ஏழுமலை, எனக்கு முன்னால் நின்ற அம்மாளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கையில் கோழிக்கூடை.

"வேற வண்டி பாருங்கம்மா. இன்னிக்கிப் பிரதோஷம். நம்ம வண்டில கோழி ஏறாது."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏறுங்கக்கா. கல்லு மில்லா? வூடு கட்றீங்களா?" என்றார்.

கோழி என்ற பேச்சையே எடுக்கப் பயந்து, "ஆமா," என்றேன். அங்கேதான் வினை பிடித்தது. போகவர நூற்றைம்பது ரூபாய் பேசினோம்.

மில்லில் இறங்கியதும் தலை சுற்றியது. சின்ன மலைபோல ஏழெட்டுக் குவியல்கள். எல்லாம் வெள்ளை. வேலை செய்யும் பெண்களின் புருவம்கூட வெள்ளை. உரிமையாளர் ஒரு பாய், வயதானவர். ஏழுமலையும் கூடவே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இதுல சுண்ணாம்புக்கல் எது பாய்?"

"இன்னா வேலைக்குன்னு சொல்லுங்கம்மா. இது கண்ணாடிக்கு, அது இரும்பு உருக்கறவங்களுக்கு. இது பெயிண்டுக்கு, அந்தப் பக்கம் கோலமாவுக்கு. கல்லு பேரு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் புரியாது."

நான் ஏழுமலையின் விபூதியைப் பார்த்தேன். "வீட்டுக்கு," என்றேன்.

"வூட்டுக்குன்னா? தரைக்கா, செவுத்துக்கா?"

"தரைக்கு." எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. கோலமாவும் தரைக்குத்தானே, அது வேறு கல்லா, இதே கல்லா, எதுவும் பிடிபடவில்லை. அதற்குள் ஐம்பது கிலோ மூட்டை இரண்டு கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். குருணையாகத்தான் இருந்தது. இதுதான் அது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

பணத்தை எடுக்கும்போது பாய் ஒரு ஆசிட் பாட்டிலை எடுத்து, சிதறிக் கிடந்த ஒரு சில்லின் மேல் ஒரு சொட்டு விட்டார். "பாருங்க, பொங்குதா? பொங்காது. மொசைக் தரைல எலுமிச்சம்பழம் சிந்தினாலும் சட்டுனு அரிக்காது. சுத்தமான டோலமைட்டு."

சொல்லாவிட்டால் முந்நூறு கோழிக்கும் கழிச்சல். சொன்னால் நடுரோட்டில் நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "பாய், எனக்குக் கோழிக்கு வேணும்."

பாய் சிரித்தே விட்டார். "அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா? கோழிக்கல்லு பின்னாடி இருக்குது." அந்தக் குவியலில் நானே ஆசிட் விட்டேன். சோடா மாதிரி பொங்கியது. ஏழுமலை பழைய மூட்டைகளை இறக்கினார். போச்சு என்று நினைத்தேன். புது மூட்டைகளை அவரே ஏற்றினார். பிறகு தோளில் கிடந்த துண்டை விரித்து நீட்டினார்.

"பாய், எனக்கும் ரெண்டு கை போடுங்க. வூட்ல நாலு கோழி, ஓடே இல்லாம தோல்முட்டையா வுடுது." என் பக்கம் திரும்பினார். "கோழிதான்க்கா ஏறாது. கல்லு ஏறலாம்."

மூட்டையோடு நடக்க முடியாததால் அவரே மலையைச் சுற்றிக் காட்டினார். பதினான்கு கிலோமீட்டர், இன்னும் நூறு ரூபாய். காலடியில் கோழிக்கல்லோடு, ஆட்டோவில் உட்கார்ந்து சுற்றியது கிரிவலத்தில் சேருமா என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

போகிறவர்கள் மூக்குக்குத் துணி கொண்டுபோங்கள். பகல் பன்னிரண்டுக்குமேல் போகாதீர்கள், அந்த வெள்ளையில் கண் கூசும். கல்லின் பெயரைச் சொல்லாதீர்கள். எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் ஓட்டல்காரர் அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. அன்று இரவு ஆசையாக ஒரு முட்டையை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். உடையவில்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். உடைந்தது, எனக்கு அழுகையும் வந்தது.