சகாயராஜை வேண்டாம் என்று கை தூக்கியவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை காலை, எலெக்ட்ரானிக் சிட்டியில் அலுவலகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. நம் கால்பந்து அணியின் வாட்ஸப் குழுவில் தாமஸ் அண்ணன் எழுதியிருந்தார்: ‘நம்ம சகாய் இறந்துட்டான். வண்டியிலயே. ஹார்ட்டாம்.’ நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் முறை வந்ததும், அந்த வாரத்து வேலை எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுபடி போனை எடுத்தபோது குழு முழுக்க மெழுகுவத்திப் படங்கள். ஒருவர் ‘லெஜண்ட்’ என்றிருந்தார். இன்னொருவர், பிரேசர் டவுன் மண்ணில் இப்படி ஒரு இடது காலை இனிப் பார்க்க முடியாது என்று உருகியிருந்தார். இதே மனிதர்தான் அன்று, அவனை நம் அணிக்கு எடுத்தால் இனி மேட்ச் பார்க்கவே வரமாட்டேன் என்று மேசையைத் தட்டினார். பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

உங்கள் இரங்கல் செய்திகளில் அவன் திடீரென்று ‘அவர்’ ஆகிவிட்டான். உயிரோடு இருந்தவரை அந்த மரியாதையை யாரும் கொடுத்ததில்லை. செத்தபிறகு கொடுப்பதில் எனக்கு இஷ்டமில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

சகாயராஜின் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மழை நாள் மேட்சில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவரை ஏமாற்றிச் சேற்றில் விழவைத்துப் பந்தைக் கடத்திக்கொண்டு போனான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அடித்திருந்தால் கோல். இவன் நின்றான். விழுந்தவர் எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு ஓடிவரும்வரை பந்தின்மேல் கால் வைத்துக் காத்திருந்தான். அவரை மறுபடியும் அதே பக்கம் அதே மாதிரி ஏமாற்றிவிட்டுத்தான் கோல் அடித்தான். ஏனடா இந்தக் கொழுப்பு என்று தாமஸ் அண்ணன் கேட்டதற்கு, “ஒரு தடவைன்னா லக்குன்னு நெனச்சிப்பான் அண்ணா. ரெண்டு தடவைன்னாதான் ராத்திரி தூக்கம் வராது” என்றான். நல்லவன் என்று நான் அவனைச் சொல்லவில்லை. நேரத்துக்குப் பயிற்சிக்கு வரமாட்டான். தன்னைவிட மட்டமாக ஆடுகிறவர்களிடம் அவன் நாக்கு கூசாமல் பேசும். ஆனால் பந்து அவன் காலுக்கு வந்தால் நாம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

நம் அணிக்கு முதலாளி கிடையாது. ரசிகர்களாகிய நாம்தான் நடத்துகிறோம். ஏரியா லீக் தொடங்குவதற்கு முன்னால், பதிவு செய்த ஆட்டக்காரர்களின் பெயர்களை மைதானத்தில் வாசிப்பார்கள். எட்டு அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். மற்ற அணிகளில் யாரை எடுப்பது என்று கோச் முடிவு செய்வார். நம் அணியில் மட்டும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருகிறவர்களும் இட்லி தின்றுவிட்டு வருகிறவர்களுமாக, தாமஸ் அண்ணனின் பேக்கரி மாடியில் கூடி, பேசி, கை தூக்கித் தீர்மானிப்போம். பேசப்படும் ஆட்டக்காரர் மட்டும் அங்கே வரக்கூடாது. இதை ஜனநாயகம் என்று வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

சகாயராஜின் பெயர் வந்த வருஷம் நம் அணிக்குத்தான் ஆள் எடுக்கும் முதல் முறை. மறு பேச்சில்லாமல் எடுத்திருக்க வேண்டிய ஆள். ஒரே ஒரு குறை. எழுபது நிமிடம் ஆனால் ஆள் நின்றுவிடுவான். இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, குனிந்து, கோட்டோரமாக நிற்பான். பந்து பக்கத்தில் உருண்டு போகும்; பார்த்துக்கொண்டிருப்பான். முந்தின வருஷம் வேறோர் அணிக்கு அவன் ஆடிய அரையிறுதியில் இப்படி நின்றுதான் தோற்றார்கள். குடிக்கிறான் என்றார்கள் சிலர். கஞ்சா என்றார்கள். எதிரணியிடம் வாங்கிக்கொண்டான் என்றும் ஒரு பேச்சு.

இதெல்லாம் வெறும் வம்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆதாரம் வேண்டாமா? மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். லீக் தொடங்குமுன் அவன் அங்கங்கே ஆடிய ஆறு மேட்சுகளுக்குப் போனேன். பந்தைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தேன். கை எப்போது முழங்காலுக்குப் போகிறது, எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறான், மறுபடி எப்போது ஓடுகிறான் என்று நிமிடம், விநாடியோடு குறித்து, அழகாக ஒரு அட்டவணை போட்டேன். சோம்பலான நேரங்களுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்தேன். தலைப்பு: ‘சகாயராஜ்: உழைப்பின்மை’. அந்தத் தலைப்பை யோசித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஞாயிறன்று அதை வாசித்துக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. சகாயராஜ். வழக்கத்தை மீறி மாடிக்கே வந்துவிட்டான். கையில் பாதி தின்ற முட்டை பப்ஸ். மூச்சு இறைக்க வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

“நிறுத்தாதீங்க சார். நல்லாதான் இருக்கு, படிங்க” என்றான்.

நான் படித்தேன். என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் கூசியிருப்பார்கள். முடித்ததும் அவன் என் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

“இதுல ஒண்ணு தப்பு சார். மூணாவது மேட்ச்ல அது ஷூ லேஸ் கட்டினது.”

“சரி. மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் கரெக்ட்டு.”

“ஏன் அப்படி நிக்கிற? அத சொல்லு.”

போனைத் திருப்பித் தந்தான். முதல் முறையாக அவன் முகத்தில் கிண்டல் இல்லை. “மூச்சு வாங்குது சார். நெஞ்சு மேல யாரோ ஒக்காந்த மாரி.”

“மூச்சு எல்லாருக்கும்தாம்பா வாங்கும். அதுக்குப் பேர்தான் ஃபுட்பால்” என்றேன்.

மாடியே அதிரச் சிரித்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? ‘பேடா சார், பேடா’ என்று கன்னடத்தில் ‘வேண்டாம்’ சொல்லி ஒருவர் முடித்துவைத்தார். கை தூக்கச் சொன்னார் தாமஸ் அண்ணன். வேண்டும் என்பதற்கு அவருடைய கை மட்டும்தான். வேண்டாம் என்பதற்கு எத்தனை என்று எண்ணவே இல்லை. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சகாயராஜ் எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பப்ஸ் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அதோடு விட்டோமா? அந்த அட்டவணையை உங்களில் யாரோ வெளியே அனுப்பிவிட்டார். தேர்வு நாளுக்குள் எட்டு அணிகளிடமும் அது இருந்தது. அன்று காலையிலிருந்து அவன் மைதானத்துப் படிக்கட்டில், காலணி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். பெயர்கள் வாசிக்கப்பட்டன. சரியாகப் பந்து உதைக்கத் தெரியாதவர்களெல்லாம் எடுக்கப்பட்டார்கள். நாம் எடுத்தது திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரை. தொண்ணூறு நிமிடமும் ஓடுவார், பந்து எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. கடைசிப் பெயர்வரை சகாயராஜ் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு நேராக என்னிடம் வந்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன்.

“உங்க பேப்பர் நல்லா ஓடுது சார். எழுபது நிமிஷம் தாண்டியும் ஓடுது” என்றான். அதன்பிறகு அவன் லீக் எதிலும் பெயர் கொடுக்கவில்லை.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகக் கம்பெனி கேபுக்குக் காத்திருந்தேன். வந்து நின்ற வண்டியில் ஓட்டுநர் அவன். மேம்பாலத்தில் போகும்போது, கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னான். பிரேசர் டவுனில் என் வீட்டு வாசலில், டிக்கியைத் திறந்து என் பெட்டியை இறக்கி வைத்தான். கனமான பெட்டிகூட இல்லை. வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றான். நான் உதவவில்லை. என்னவென்றும் கேட்கவில்லை. ஆள் மாறவே இல்லை, நான் சொன்னது எவ்வளவு சரி என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். “குறிச்சிக்கோங்க சார்” என்று சிரித்தான். சகாயராஜை நான் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு நம்மில் நிறையப் பேர் வந்திருந்தோம். அணியின் நீலச்சட்டையை அவன்மேல் போர்த்தினீர்கள். உயிரோடு இருக்கும்போது போட விடாத சட்டை. ஒருவராவது அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்; நானும் சொல்லவில்லை. பிறவியிலேயே இதயத்தில் கோளாறாம். முன்பே கண்டுபிடித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அங்கே பேசிக்கொண்டார்கள். மற்ற அணிகளில் இல்லாத வழக்கமாக, நம் அணிக்கு எடுக்கும் ஒவ்வொருவரையும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத்தைச் சோதித்துவிட்டுத்தான் களத்தில் இறக்குவோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் திருநெல்வேலிக்காரருக்கும் சோதித்தோம். அவருக்கு இதயம் பிரமாதமாக இருந்தது.

மூன்றாம் நாள் தாமஸ் அண்ணனோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எஸ்தர் அழுது ஓய்ந்திருந்தாள். நாங்கள் ஃபுட்பால் ஆட்கள் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டாள்.

“எத்தினி வருசமா மூச்சு வாங்குதுன்னு டாக்டர் கேட்டாரு சார். எனக்கு சொல்லத் தெரியல” என்றாள்.

எனக்குத் தெரியும். நிமிடம், விநாடியோடு, ஆறு மேட்சுக்கு என்னிடம் இருக்கிறது. எந்த டாக்டரும் இவ்வளவு சுத்தமாகக் குறித்திருக்க மாட்டார். போனைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு எத்தினி தடவ கூப்ட்டிருப்பேன். மாடி ஏறுறப்ப பாதியில ஒக்காந்துடுவாரு. கேட்டா சிரிப்பாரு. ‘சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல எஸ்தர், எனக்கு சோம்பேறித்தனம். படிச்சவரு ஒருத்தரு ஆறு மேட்ச் கூடவே இருந்து பார்த்து எழுதியே குடுத்துட்டாரு’ம்பாரு. கிண்டலாத்தான் மொதல்ல சொன்னாரு. அப்புறம் நெசமாவே நம்பிட்டாரு சார். கண்ணாடி முன்னாடி நின்னு, ‘சோம்பேறி, ஏந்திரிடா’ன்னு தன்னையே திட்டிக்கிட்டுதான் டூட்டிக்குக் கெளம்புவாரு.”

தாமஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் படிச்சவரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதும்மா” என்றேன்.

நண்பர்களே, அவனுடைய இடது காலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கோல்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் எனக்கென்று விட்டுப்போனது வேறு. நான் சொன்ன ஒன்றை உலகத்தில் ஒரே ஒருவன் முழுசாக நம்பினான், தன் நெஞ்சு சொன்னதைவிட அதிகமாக நம்பினான் என்பது. அது என்னோடு இருக்கும். இதை நம் குழுவில் போடுவதற்கு முன்னால் முதல் பிரதியை அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எஸ்தர், அது நான்தான்.